மணியடித்தவர் எழுதிய பரீட்சை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நாகர்கோவில் தந்தி அலுவலகத்தில் நான் வேலைக்கு அமர்ந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. சன்னல் வழியாக ஒரு படிவம் உள்ளே வந்தது. கொழும்புக்குப் போகவேண்டிய தந்தி. வழக்கப்படி சொற்களை எண்ணி, ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் கோடிழுத்துக்கொண்டே போனேன். மூன்றாவது சொல்லில் பென்சில் நின்றுவிட்டது. கையெழுத்து எனக்கு நன்றாகப் பழக்கமானது. நான் படித்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர், நாங்கள் 'பெரிய சாமி' என்று அழைக்கும் சாமியாருடையது. 'உன் அண்ணன் வியாகப்பன் நேற்று இறந்தார். இன்று மாலை அடக்கம்' என்று கொழும்பில் இருக்கும் தம்பிக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

படிவத்தைக் கொண்டுவந்தவர் பள்ளி விடுதியின் சமையற்காரர். நெஞ்சுவலி, ஒரே நாள்தான் படுத்தார் என்றார். நான் பென்சிலைக் கீழே வைத்ததைப் பார்த்து, தாம் அடித்துவிடுவதாகப் பக்கத்து மேசை நண்பர் சொன்னார். நான் கொடுக்கவில்லை. அந்தப் பெயரில் ஓர் எழுத்துகூடப் பிசகக்கூடாது என்று இருந்தது. நானே அடித்து அனுப்பினேன். பிறகு அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

எங்கள் கத்தோலிக்க ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த எவருக்கும் வியாகப்பண்ணனைத் தெரியாமல் இருக்காது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அங்கே மணியடிக்கும் ஊழியர். காலையில் வகுப்பறைகளைத் திறப்பதும், சுற்றறிக்கை கொண்டுபோவதும், கிணற்றடியில் குடிதண்ணீர்ப் பானைகளை நிரப்புவதும் அவர் வேலைகள். அந்த வேலையில் இருந்துகொண்டே அவர் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

நான் முதல் பாரத்தில் சேர்ந்தது 1947-இல். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்தது. தேரூரிலிருந்து நடந்தே வந்ததில் தலைமுதல் கால்வரை நனைந்துபோய், யாரும் இல்லாத வராந்தாவில் நின்றேன். முதல் மணி அடித்து வெகுநேரம் ஆகிவிட்டது. அழுகை வரும் நிலை. காக்கிச் சட்டையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக, தூண் போன்ற உயரத்தில் ஒருவர் வந்தார். ஊரைக் கேட்டார். பெயரைக் கேட்டார்.

"பயப்படாத மக்கா. சட்டையைப் பிழியாத. அப்படியே போ. நனைஞ்ச பிள்ளைகளைப் பெரிய சாமி அடிக்க மாட்டாரு. அடிச்சா தண்ணி அவருக்க அங்கியிலதான் தெறிக்கும், கேட்டியா?"

நான் சிரித்துக்கொண்டே வகுப்புக்குள் நுழைந்தேன். அடி விழவில்லை.

அப்போது பள்ளிக்கூடம் இரண்டு ஓட்டுக் கட்டடங்களும் ஓர் ஓலைக் கொட்டகையும்தான். தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். கோட்டாற்றுக் கடைக்காரர்களின் மக்கள், எங்களைப்போல வயற்காட்டிலிருந்து வருகிறவர்கள், தலையில் தொப்பியோடு வரும் முஸ்லிம் பையன்கள் என்று எல்லாரும் ஒரே பெஞ்சில் இருந்தோம். கத்தோலிக்க மாணவர்களுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும் நேரத்தில் எங்களுக்கு நீதிபோதனை. இரண்டிலுமே தூங்கினால் ஒரே பிரம்புதான். மாலையானால் செம்மண் மைதானத்தில் வெறுங்காலோடு கால்பந்து. கடற்கரைப் பையன்கள் பந்தை அடித்தால் அது எல்லைச் சுவரைத் தாண்டி மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் விழும். எடுத்து வருவதும் வியாகப்பண்ணன்தான்.

பரீட்சை முடிவு வருகிற நாள் எங்களுக்குத் திருவிழாவைப்போல. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் தேறியவர்களின் எண்களைப் பெரிய தாளில் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். ஒட்டுவதும் அவர் பொறுப்பு. நான் நான்காம் பாரம் படித்த ஆண்டு, கூட்டமெல்லாம் கலைந்தபின் பலகையின் எதிரில் அவர் தனியாக நின்றிருந்தார். கையில் பசை டப்பா.

யாருடைய எண்ணைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"எனக்க நம்பரைத்தான் மக்கா. பரீட்சை எழுதினாத்தானே நம்பரு தருவான்? வருசா வருசம் ஊரான் பிள்ளைகளுக்க நம்பரை ஒட்டுகேன். ஒரு வருசம் எனக்க நம்பரையும் ஒட்டணும்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இரண்டாம் பாரம் படிக்கையில் தகப்பனார் அவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் ஒரு துணிக்கடையில் சேர்த்துவிட்டார். யுத்தம் முடிந்து தம்பியை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பியபோது அவருக்கு முப்பது வயது கடந்திருந்தது. கடையில் பேசிப் பழகிய ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. மீதியை, நாங்கள் படித்துத் தூக்கிப்போட்ட பழைய புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகளாகத் தாமே படித்துவந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டார். பெரிய சாமி முதலில் சிரித்தாராம். பிறகு ஒரு பழைய ஆங்கிலப் பாடத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். வாசித்து முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு ஆண்டுகள் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்கலாம், தனித்தேர்வராகப் பரீட்சை எழுதலாம் என்று அனுமதி கொடுத்தார். ஒரே நிபந்தனை: மணி ஒரு நிமிடம்கூடத் தவறக்கூடாது.

அப்படித்தான் வியாகப்பண்ணன் ஐந்தாம் பாரத்தில் எங்கள் வகுப்புத் தோழரானார். கடைசி பெஞ்சில், கதவோரமாக அவருக்கு இடம். முழங்கால் மேசையில் இடிக்கும் என்பதால் சற்றுச் சாய்ந்தே உட்காருவார். பாடத்தின் நடுவில் எழுந்து போய் மணியடித்துவிட்டு வந்து, விட்ட இடத்தைப் பக்கத்துப் பையனிடம் கேட்டுக்கொள்வார். அவரை வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது என்று ஆசிரியர்கள்தான் திணறினார்கள். தமிழாசிரியர் அவரை 'நீங்கள்' என்றார். கணக்கு ஆசிரியர் அவரைவிடப் பத்து வயது இளையவர்; அதுநாள்வரை "லேய் வியாகப்பா, சாக்பீஸ் எடுத்துட்டு வா" என்று பழகியவர். வகுப்புக்குள் அவரைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளமாட்டார். கேள்வி கேட்டுக்கொண்டே வருபவர் கடைசி பெஞ்சு வந்ததும் திரும்பிவிடுவார். அண்ணன் அதற்கு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. பதில் தெரியாத நாளில் அது நல்லதுதானே என்பார்.

நிபந்தனையை அவர் ஒரே ஒருமுறை மீறினார். ஒரு வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு சரித்திரம். ஆசிரியர் கரும்பலகை முழுவதும் வாட்டர்லூ யுத்தகளத்தை வரைந்து, நெப்போலியனுடைய குதிரைப்படை இங்கே, எதிரிகள் இங்கே என்று நடத்திக்கொண்டிருந்தார். வியாகப்பண்ணன் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். வாய் பிளந்திருந்தது. நான்கு மணி ஆனது யாருக்கும் தெரியவில்லை. நான்கேகாலும் ஆயிற்று. முதல் பாரத்துப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். தொலைவிலிருந்து வருகிற ஒன்றிரண்டு பேர் அழத் தொடங்கிவிட்டார்களாம். பெரிய சாமி கடுங்கோபத்தோடு எங்கள் வகுப்பை நோக்கி வந்தார்.

வந்தவர் கதவருகே நின்றார். யுத்தம் உச்சத்தில் இருந்தது. நாங்கள் அவரைக் கவனித்தபோது அவரும் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிரஷ்யப் படைகள் வந்துசேர்ந்து, நெப்போலியன் தோற்று, ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"வியாகப்பா," என்றார் பெரிய சாமி, "நெப்போலியன் தோத்தாச்சு. இனி மணி அடிக்கலாமே."

அண்ணன் ஓடிய ஓட்டத்தில் பெஞ்சு கவிழ்ந்தது. அன்றைக்கு எங்களோடு சேர்ந்து சிரித்தவர்களில் கணக்கு ஆசிரியரும் ஒருவர். சத்தம் கேட்டு அடுத்த வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார்.

ஆறாம் பாரத்து இறுதித் தேர்வை நாங்கள் சேர்ந்து எழுதினோம். முடிவு வந்த நாள் அறிவிப்புத் தாளில் என் எண் இருந்தது. அவருடையது இல்லை. கணக்கில் போய்விட்டது. அந்தத் தாளையும் அவரேதான் ஒட்டினார். ஒரு சுருக்கம் விழாமல், நான்கு ஓரங்களையும் உள்ளங்கையால் நீவி ஒட்டினார். பிறகு நேராக என்னிடம் வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். சொன்னார்:

"நீ எதுக்கு மொகத்தைத் தூக்கி வச்சிருக்க? அஞ்சு பாடத்துல நான் பாஸாக்கும். ஒண்ணுதானே பாக்கி? கட்டுமரம் முழுக்கக் கரை ஏறியாச்சு, வாலு மட்டும் தண்ணியில கெடக்கு."

அந்த வால் எளிதில் கரையேறவில்லை. மறு ஆண்டும் கணக்கில் நான்கு மதிப்பெண் குறைந்தது. நான் அப்போது நாகர்கோவிலில் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், பழைய வகுப்புத் தோழர்கள் நாலைந்து பேர் அவர் வீட்டுக்குப் போய் அல்ஜிப்ரா போடுவோம். அவர் மனைவி ரோசம்மா மைனி மீன்குழம்பும் மரச்சீனியும் வைத்துக் கொடுப்பார்கள். பரிமாறிக்கொண்டே ஒருநாள் சொன்னார்கள்:

"உங்க அண்ணன் எக்ஸைத் தேடுகாரு, வையைத் தேடுகாரு. வீட்டுக்குள்ள காணாமப்போன ஆட்டைத் தேட மட்டும் ஆளில்லை."

ஆடு கிணற்றடியில்தான் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிவிட்டு, அண்ணன் அதே சமன்பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டார். விடை சரியாக வந்தது.

மூன்றாவது முறை எழுதியது சென்ற ஆண்டு. முடிவு வந்த அன்று நானும் போயிருந்தேன். அலுவலகத்திலிருந்து தாளைச் சுருட்டிக்கொண்டு பெரிய சாமி வெளியே வந்தார். வியாகப்பண்ணன் வழக்கம்போலப் பசை டப்பாவோடு கையை நீட்டினார். சாமி தாளைக் கொடுக்கவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"இண்ணைக்கு நான் ஒட்டுகேன். நீ போய்ப் பிள்ளைகளோட நில்லு."

அண்ணன் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு திரும்பி, பையன்களின் கூட்டத்துக்குள் வந்து நின்றார். எல்லாருக்கும் மேலே தலை தெரிந்தது. ஆனால் அவர் பலகையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமிக்கு ஒட்டிப் பழக்கமில்லை. அங்கியெல்லாம் பசை, தாள் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி ஒட்டியது. அவர் விலகியதும் முன்வரிசையில் நின்ற பையன் ஒருவன் எண்ணைச் சத்தமாகப் படித்தான். அண்ணனுடைய எண் அங்கிருந்த எல்லாருக்கும் மனப்பாடம்.

ஏழெட்டுப் பேர் சேர்ந்து அவரைத் தூக்க முயன்றோம். இடுப்பளவுதான் தூக்க முடிந்தது. மொத்தமாகச் செம்மண்ணில் விழுந்தோம். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது கணக்கு ஆசிரியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையைக் கூப்பி, "வாழ்த்துகள், வியாகப்பன். எந்தக் கணக்கு முதல்ல போட்டீங்க?" என்று கேட்டார். அந்த 'ங்க'வைக் கேட்டதும்தான் அண்ணனுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் முதல் கணக்கிலிருந்து கடைசிவரை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். ஆசிரியரும் ஒன்றுவிடாமல் கேட்டார்.

அதன்பின் அவருக்குப் பள்ளி நூலகப் பொறுப்பைக் கொடுத்தார்கள். மூன்று அலமாரிதான் நூலகம். இருந்தாலும் எந்தப் பையனுக்கு எந்தப் புத்தகம் என்று ஆளைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பாராம். புத்தகம் திரும்பி வரும்போது கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தருவார் என்று இப்போது படிக்கிற பிள்ளைகள் சொன்னார்கள். ஓராண்டு முழுதும் அப்படிச் சந்தோஷமாக இருந்தார். நாற்பத்திரண்டு வயது ஒரு வயதே இல்லை. என்ன செய்வது.

செவ்வாய் மாலை அவர் வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடம் முழுவதும் வந்திருந்தது. சவப்பெட்டியைத் தூக்கப் பழைய மாணவர்கள் இடம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரோசம்மா மைனி அழுது ஓய்ந்து, சுவரில் சாய்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டு, தகரப்பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்கள். நான் படித்த அதே கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்வதற்கான விண்ணப்பம். அண்ணனுடைய கையெழுத்தில் எல்லா இடங்களும் நிரப்பப்பட்டிருந்தன. பாதுகாவலர் கையொப்பம் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"அதுல ஆரு போடணும் எண்ணு கேட்டேன். எனக்கு அப்பனும் இல்லை அம்மையும் இல்லை, எனக்க பாதுகாவல் நீதான், நீ போடு எண்ணாரு. எனக்கு எழுதத் தெரியாதே எண்ணேன். அதுக்காக ரெண்டு மாசமா எனக்குப் பேரு எழுதப் படிப்பிச்சுத் தந்தாரு. 'ம்' வரைக்கும் வந்தாச்சு. 'மா' மட்டும் கோணும். அது நேரா வந்தப்பொறவு போடலாம் எண்ணு வச்சிருந்தோம்."

வெளியே சாமியாரும் பீடச் சிறுவர்களும் வந்துவிட்டார்கள். மைனி என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டார்கள். கொடுத்தேன். தாளைத் தகரப்பெட்டியின் மூடிமேல் விரித்துவைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக 'ரோசம்மா' என்று எழுதினார்கள். எழுதி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

"கொள்ளாமா மக்கா?"

நேராக இருக்கிறது என்றேன். அது உண்மை, ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. அவர்கள் தாளை மடித்து, கூடத்துக்குப் போய், அண்ணனுடைய சட்டைப்பைக்குள் வைத்தார்கள்.

போய் வாருங்கள், வியாகப்பண்ணே. விண்ணப்பம் சரியாக இருக்கிறது.