ஜேல் வாசலில் மறுவீடு

ஜொகூர் பாருவின் பழைய ஜேலை அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் நானும் என் வீட்டுக்காரரும் தம்போயிலிருந்து பஸ் ஏறிப் போனோம். கவுண்டரில் அவர், "மாமியார் வீட்டுக்கு வர்றதுக்கு டிக்கெட் எடுக்க வெச்சுட்டாங்களே லா," என்றார். அங்கிருந்த மலாய்ப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜேலுக்கு மாமியார் வீடு என்று பேர் வைத்த புண்ணியவான், ஒருத்தருக்கு அது நிஜமாகவே மாமியார் வீடாக அமையும் என்று நினைத்திருக்கமாட்டான்.

என் அப்பா அங்கே வார்டர். மதிலை ஒட்டிய குவாட்டர்ஸில்தான் நான் பிறந்து வளர்ந்தேன்.

உள்ளே சுவருக்குச் சுவர் பலகை. யார் கட்டினார்கள், மதில் எவ்வளவு கனம், கைதிகளைப் புது ஜேலுக்கு மாற்றியபின் எவ்வளவு காலம் பூட்டிக் கிடந்தது, எல்லாம் எழுதியிருந்தார்கள். குவாட்டர்ஸைப் பற்றி ஒரு வரி இல்லை. கைதியாவது தண்டனை முடிந்தால் போய்விடுவான். ஓய்வு பெறும்வரை மதிலோரமே கிடந்த குடும்பங்களை எழுத யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. "நீ எழுது. யாரு வேணாம்னா?" என்றார் அவர். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வந்த வரன்களெல்லாம் விலாசம் கேட்டதும் காணாமல் போயின. வார்டர் மகளையும் கைதி மகளையும் ஜனங்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வேலையில் யாருக்கும் பயப்படாத அப்பா, என் கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

கடைசியில் தங்காக்கில் துணிக்கடையில் வேலை பார்த்த இவர் சம்மதித்தார். கல்யாணம் கோயிலில், அதில் சிக்கலில்லை. ஆனால் மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதானே ஆகவேண்டும்? இவருடைய பெரியப்பா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க. புது மாப்பிள்ளை ஜேல் வாசல மிதிக்கிறது நல்லா இருக்காது. தம்போயில உங்க தம்பி வீடு இருக்குல்ல, விருந்த அங்க வெச்சுக்கலாமே."

அப்பா சரி என்றார். பெண்ணைப் பெற்றவர், வேறென்ன சொல்வார்? மகளுக்கும் மருமகனுக்கும் தன் வீட்டில் ஒரு வேளை சோறு போட முடியவில்லையே என்று அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கல்யாணத்துக்கு மறுநாள் தங்காக்கிலிருந்து காரில் வந்தோம். பெரியப்பா முன் சீட்டில். தம்போயில் சித்தப்பா வீட்டு வாசலில் அப்பாவும் அம்மாவும் காத்திருந்தார்கள். இவர் காரைவிட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி, "மாமா, ஏறுங்க. உங்க வீட்டுக்குப் போலாம்," என்றார்.

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா இவரைத் திரும்பி முறைத்தார்.

"தப்பு பண்ணவன்தான் மாமியார் வீட்டுக்குப் போகப் பயப்படணும் பெரியப்பா. நான் முறையா தாலி கட்டிட்டுப் போறேன்," என்றார் இவர்.

அப்பாவும் அம்மாவும் காரில் ஏறினார்கள். சமைத்த சட்டிகளையெல்லாம் சித்தப்பாவின் காரில் ஏற்றினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். முந்தின நாள்வரை முகம்கூடச் சரியாகப் பார்த்திராத ஒரு மனிதர் என் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்.

குவாட்டர்ஸில் பாய் விரித்து இலை போட்டோம். அப்பாதான் பரிமாறினார். பெரியப்பாவும் ஆட்டுக்கறியை மறுபடி கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா இவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜேலின் பெரிய கேட்டுக்கே கூட்டிப்போனார். டியூட்டியில் இருந்த ஒவ்வொருவரிடமும் "மெனாந்து சாயா, மெனாந்து சாயா" என்று மலாயில் சொல்லி, என் மருமகன், என் மருமகன் என்று காட்டிக்கொண்டிருந்தார். அப்பா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஜன்னலில் நின்ற எனக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. இந்த மனிதரோடு நான் போடாத சண்டை இல்லை. எவ்வளவு கோபமாக இருந்தாலும், அப்பாவின் அந்தக் குரல் நினைவுக்கு வந்துவிட்டால், பேசாமல் எழுந்துபோய் இவருக்குச் சோறு போட்டுவிடுவேன்.