பெரியப்பாவின் சாக்லேட்டும் பன்னிரண்டு மணி பஸ்ஸும்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் அம்மாவின் இடுப்புவலியில் தொடங்கும். ஆவூரைச் சுற்றியிருந்த வேதக்கார வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் தொடங்கியிருக்கும். ஆண்கள் மட்டும் அது கோயில் மணியில் தொடங்குவதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அரிசி ஊறவைத்து, மாவு இடித்து, பாகு காய்ச்சி, அதிரசமும் முறுக்கும் சுட்டு, தீபாவளிக்கு எங்களுக்குப் பலகாரத் தட்டு அனுப்பிய வீடுகளுக்கெல்லாம் பதில் தட்டு அனுப்பியாக வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் அடுத்த தீபாவளி வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இத்தனையையும் அம்மா தனி ஆளாகச் செய்தாள். பாகுப் பதம் பார்க்க ஊரே அவளைத்தான் கூப்பிடும். அடுத்த வீட்டு அடுப்படியில் நின்றுவிட்டு வந்து, நம் வீட்டு அடுப்பில் மறுபடி குனிவாள்.

எனக்கு எட்டு வயதான அந்த வருடம் அவள் எல்லாவற்றையும் முன்னதாகவே முடித்துவிட்டாள். மணமேல்குடியில் அவளுடைய அப்பா தீபாவளியிலிருந்து படுத்த படுக்கை. மகளைப் பார்க்க வேண்டும் என்று ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். நடவு, மழை, களை என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்தது. கடைசியில் என் அப்பா மனமிரங்கி, திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு பன்னிரண்டு மணி பஸ்ஸில் போய், ஓர் இரவு தங்கி, மறுநாள் நடுச்சாமப் பூசைக்குள் திரும்பிவிடலாம் என்றார். அதை விட்டால் அறுப்பு முடிந்துதான். அம்மா மூட்டையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

அதற்கு முந்தின நாள் மாலை பெரியப்பா வந்து இறங்கினார். அவர் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. லீவில் வரும்போதெல்லாம் ஒரு புதுமையைக் கூடவே கொண்டுவருவார். அதைச் செய்து காட்டும் பாடு அடுத்தவர்களுடையது. அந்த முறை டிரங்குப் பெட்டியிலிருந்து கட்டி கட்டியாகச் சாக்லேட் வெளியே வந்தது. தோட்டத்துத் துரை வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பழத்தைச் சாக்லேட்டில் முக்கித்தான் சாப்பிடுவார்களாம். திருச்சியில் இறங்கி ஆரஞ்சும் பேரீச்சம்பழமும் வேறு வாங்கி வந்திருந்தார்.

பெரியப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. தம்பி மனைவி மூத்தவர் எதிரில் நிற்கக்கூடாது என்பது அன்றைய மரியாதை. அதனால் விடிந்ததும் நான்தான் கூடத்துக்கும் அடுப்படிக்கும் தபால்காரியானேன்.

"ஒங்கம்மாகிட்டச் சொல்லு. சட்டியில தண்ணிய கொதிக்க வச்சு, அதுக்கு மேல கிண்ணத்த வைக்கணும். சாக்லேட்டு தானா எளகும். கிண்ணத்துக்குள்ள மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. பட்டுச்சு, அவ்வளவுதான்."

நான் ஓடிப்போய் ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னேன். அம்மா தலையாட்டினாள். கிண்ணத்தை முந்தானையால் துடைத்து, அடுப்புச் சூட்டில் காயவைத்து, மறுபடி துடைத்தாள். வாழைப்பழத் துண்டுகளையும் ஆரஞ்சுச் சுளைகளையும் துணியில் ஒற்றியெடுத்து, புது விளக்குமாற்று ஈர்க்கில் குத்தி, சாக்லேட்டில் முக்கித் தட்டில் அடுக்கினாள். எறும்பு வராமல் தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவில் வைத்தாள். மார்கழிக் குளிரில் அவை நன்றாகவே இறுகின. எனக்கு ஒரு துண்டு கிடைத்தது. பல் பட்டதும் மேலோடு உடைந்து, உள்ளே பழம் இளகிக் கிடந்தது. மோட்சம் இதற்குமேல் இருக்காது என்று தோன்றியது.

அந்த அளவோடு விட்டிருந்தால் பெரியப்பா பெரியப்பாவாக இருந்திருக்கமாட்டார். ஒன்றை வாயில் போட்டவர் கண்ணை மூடித் திறந்து, மிச்சக் கட்டிகளையும் எடுத்து வெளியே வைத்தார்.

"பங்குச் சாமியாருக்கு ஒரு தட்டு, வாத்தியார் வீட்டுக்கு ஒண்ணு. அதிரசம் குடுக்குற வீட்டுக்கெல்லாம் இந்த வருசம் இதான். பழம் பத்தாது, ஆள் அனுப்பி வாங்கியாரச் சொல்லு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்."

அம்மா அடுப்படி வாசலிலிருந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை.

"அண்ணன் ஆசைப்படுறாரு. அறுப்பு முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குச் சண்டை போடவும் தெம்பு இல்லை என்று இப்போது தோன்றுகிறது. எனக்கும் அப்படிச் சில டிசம்பர்கள் வாய்த்திருக்கின்றன. ஒரு வார்த்தை பேசுவதைவிட ஒரு படி மாவு இடிப்பது லேசு என்று உடம்பு சொல்லும்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கட்டிகளை அள்ளிக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொன்னார் பெரியப்பா என்றும் சொன்னேன். அவள் அத்தனையையும் உடைத்து ஒரே தடவையில் கிண்ணத்தில் போட்டாள். கிண்டினாள். முற்றத்தில் வெயில் எதுவரை வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். சாக்லேட் இளகிப் பளபளவென்று வந்த நேரத்தில், பக்கத்துக் குடத்தில் கையை விட்டு ஒரு கை தண்ணீரை அள்ளி, வெல்லப் பாகுக்குத் தெளிப்பதுபோல் கிண்ணத்துக்குள் விட்டாள்.

"யம்மா! தண்ணி கூடாதுன்னாங்கள்ல!"

அதற்குள் அது சுருங்கிவிட்டது. பளபளப்புப் போய், கேழ்வரகுக் களி போலத் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொண்டது. என் அலறலைக் கேட்டுப் பெரியப்பா அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார். மரியாதையை மறந்து அம்மாவிடம் அவர் நேரே பேசியது அன்றுதான்.

"என்ன எழவும்மா இது? வெல்லமா இது, தண்ணி ஊத்திக் கிண்ட? கடல் தாண்டிக் கொண்டாந்த சாமான்! சரியான பட்டிக்காட்டுக் கூட்டம்!"

"பாகு காச்சிக் காச்சிப் பழகுன கையிங்க. மறந்து போச்சு," என்றாள் அம்மா, தலையைக் குனிந்தபடி.

மாவுக்கு எத்தனை படி, எந்த வீட்டுக்கு எத்தனை அதிரசம், யாருக்கு எள் ஆகாது என்று எதையும் மறக்காதவள் அவள். அப்பாவும் தன் பங்குக்குத் திட்டினார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். பெரியப்பா முதலில் செய்த தட்டைத் தூக்கிக்கொண்டு, அதையாவது காப்பாற்ற வேண்டும் என்பதுபோல், சாமியார் பங்களாவுக்கு நடந்துவிட்டார். அடுப்படியில் செய்வதற்கு இனி எதுவும் இல்லை. அம்மா கையைக் கழுவி, சேலை மாற்றி, மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அப்பாவால் மறுக்க ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அம்மா கண்ணை மூடினாள். பகலில் அவள் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. தலை என் தோளில் சாய்ந்தது. புதுக்கோட்டை வரும்வரை அவள் அசையவில்லை. அவளுடைய அப்பாவை அவள் கடைசியாக உயிரோடு பார்த்தது அந்த ஒரு ராத்திரிதான். எதை விலையாகக் கொடுத்து அதை வாங்கினாள் என்பது எட்டு வயதுக்கு விளங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் முட்டாளாகிவிட்ட வெட்கத்தில்தான் கண்ணைத் திறக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. தோளை அசைக்காமல், வாய்க்குள்ளேயே அவளுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லி, என் அம்மாவுக்குக் கொஞ்சம் புத்தியைக் கொடும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டேன்.