கண்ணாடி ஏற்றிய கேபின்

செல்லமுத்து அண்ணனின் மகன் போன் செய்தபோது நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சிக்னலில் நின்றிருந்தேன். என் சொந்தக் கார், உள்ளே நான் மட்டும், விரலிடுக்கில் சிகரெட். “அப்பா காலையில தவறிட்டாருங்க. சாயந்தரம் எடுக்கறோம், வந்துருங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பச்சை விழுந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத்தான் நகர்ந்தேன். கையில் இருந்ததை அணைத்தேன். ஆனால் எடப்பாடி போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று பற்ற வைத்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன், எதையும் ஒளிக்கிற எண்ணத்தில் நான் இதை எழுத உட்காரவில்லை.

நம் ஓட்டுநர் சங்கத்தின் இரங்கல் கூட்டத்துக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். நாலு நாளாக எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. பதினொரு வருடம் ஒரே லாரியில் அவரும் நானும் இரட்டை டிரைவர்கள். சேலத்து ஜவ்வரிசியை வடக்கே இறக்கிவிட்டு, திரும்பும்போது மில்லுக்குப் பஞ்சு பேல் ஏற்றி வருவோம். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள பின்பலகையில் தூங்குவார். அவரோடு ஒரு டீ குடித்தவர்கள்கூட, அவர் எவ்வளவு நல்ல மனிதர் என்று சொல்லிவிடுவீர்கள். எனக்கு அது போதாது.

ஒருமுறை ஆதிலாபாத் தாண்டியதும் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நாள் முழுக்க அவரே ஓட்டினார். மணிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்து, காத்து படுதா சாமி, கண்ணாடியை ஏத்தட்டுமா என்று கேட்பார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். வழியில் வண்டியை நிறுத்தி, அடுப்பு மூட்டி, மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். அந்த ரசம் வாயில் வைக்க முடியாத உறைப்பு. சொன்னபோது, காய்ச்சல் ஓடட்டும்னுதான் வெச்சேன் என்று சிரித்தார்.

இனி சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். பஞ்சு லோடில் டிரைவர் பீடி பிடித்தால் என்ன ஆகும் என்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் வழியாக எறிகிற துண்டு காற்றில் பின்னால் போய்த் தார்ப்பாயில் விழுந்தால், வண்டியே போச்சு. நல்ல டிரைவர் என்ன செய்வான்? பீடியை விட்டுவிடுவான். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். இரண்டு பக்கமும் இறுக்கி ஏற்றிவிட்டு, துண்டுகளை ஒரு தகர டப்பாவில் அணைப்பேன். ஒரு பொறிகூட வெளியே போகாது என்று எனக்குப் பெருமை வேறு. நம்மில் இன்னும் பல பேர் இப்படித்தான் செய்கிறார்கள். புகை எங்கே போகும் என்று யோசிக்க எனக்குப் பதினொரு வருடமும் போதவில்லை. அது பின்பலகைக்குப் போனது. அங்கே அவர் படுத்திருந்தார்.

அவர் சொல்லாமல் இல்லை. ஒருநாள் எழுந்து உட்கார்ந்து இருமிவிட்டு, “பஞ்சுக்குப் பயந்து கண்ணாடிய ஏத்தறீங்க சாமி. பின்னால ஒருத்தன் படுத்திருக்கறேனுங்களே” என்றார். சண்டைக் குரலே இல்லை. நான் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்தார். கல்யாணப் பெண் முக்காடு போட்டது போல இருக்கிறது என்று கேலி செய்தேன். துண்டுக்குள்ளிருந்து சிரித்தார்.

நாமக்கல்லில் நாம் போட்ட அந்தக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஓட்டும்போது புகைபிடித்தார் என்று நம் உறுப்பினர் ஒருவருக்கு அபராதம் போட்டிருந்தார்கள். பஸ் டிரைவர் புகைத்தால் லைசென்ஸுக்கே ஆபத்து. சொந்தக் காரில் போகிறவனை யாரும் கேட்பதில்லை. லாரிக்காரன் மட்டும் எந்தக் கணக்கு என்று எல்லோரும் கொதித்தோம். நான் எழுந்து, மாதத்தில் இருபத்தைந்து நாள் நாம் வாழ்வது கேபினில்தான், அது நம் வீடு, நம் வீட்டுக்குள் சட்டத்துக்கு என்ன வேலை என்று முழங்கினேன். நல்ல கைத்தட்டல். அது அடங்கியதும், கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காத செல்லமுத்து அண்ணன் எழுந்தார்.

“ஊடுன்னே வெச்சுக்கலாமுங்க. அந்த ஊட்ல ரெண்டு பேரு குடியிருக்கறமுங்க” என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரைக் கூட்டி அவமானப்படுத்திவிட்டார் என்று அடுத்த நடை முழுக்க அவரோடு பேசவில்லை. வழக்கத்தைவிட அதிகமாகவே பிடித்தேன், வேண்டுமென்றேதான். அவர் துண்டை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டார். சட்டம் அந்தக் கேபினுக்குள் வந்திருந்தால் நல்லது என்று இன்று நினைக்கிறேன். அன்று வந்திருந்தால் அதையும் ஏமாற்றியிருப்பேன்.

அவருக்கு நுரையீரலில் நோய் என்று தெரிந்த பிறகு மூன்று முறை போய்ப் பார்த்தேன். என் புகைதான் காரணமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வாய் வரை வந்தது. டயர் விலை, மழை என்று பேசிவிட்டு எழுந்து வந்தேன். அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எந்த டாக்டரும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று இப்போது பலர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதல் என்னிடம் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து கிளம்பியபோது அவர் மனைவி சரோஜா அக்கா என்னை வாசலில் நிறுத்தினார். கோபமாக இல்லை, களைத்திருந்தார். “ஆஸ்பத்திரியில பீடி சிகரெட் பழக்கம் உண்டான்னு டாக்டரு கேட்டாருங்க தம்பி. இருபது வருசமாப் புடிச்சேனுங்கன்னு சொல்லிப்போட்டாரு. வெளிய வந்து, ஏனுங்க இப்படிப் பொய் சொல்றீங்கன்னு கேட்டேன். ‘பின்ன, தம்பி பேரையா சொல்லச் சொல்றே’ன்னாரு” என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இந்தப் பொய்தான். அதை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவர் இருபது வருடம் புகைபிடித்தவர் என்று எழுதியிருக்கிறது. அதை இனி யாரும் திருத்தப்போவதில்லை. ஆகவே அவரை அறிந்த உங்கள் முன்னால் எழுதி வைக்கிறேன். செல்லமுத்து அண்ணன் தன் வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. பிடித்தவன் நான்.