அக்காவின் டீயில் நான் போட்ட அரை மாத்திரை

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு ஆடியவர்களுக்கும், அக்காவிடம் ஆட்டம் பழகியவர்களுக்கும் தம்பியின் வணக்கம். எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. லாரி, ஓட்டல், டென்னிஸ் மைதானம் என்று ஊர் ஊராகப் போனவன். எழுதிப் பழக்கமில்லை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தலில் இலை போட்டிருந்தபோது இருவர் பேசியது அக்காவின் மகள் காதில் விழுந்தது. "நல்லாத்தான் ஆடிச்சி அந்தம்மா. ஆனா கடைசில ஊசி போட்டுக்கினுதான கப்பு வாங்கிச்சி. அதான புடுங்கிக்கினாங்க." அவள் கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"மாமா, அம்மா ஊசி போட்டுக்கினாங்களா?"

அவளுக்கு நான் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் அக்காவின் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் பிறந்தார். கொள்ளுத்தாத்தா காலத்தில் வடஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா சுரங்கத்தில் பாறையில் துளை போடும் மிஷின் ஓட்டினார். அக்காவுக்குப் பதினொன்று, எனக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா தவறிவிட்டார். அன்றிலிருந்து தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, அப்பாவின் ஷிப்டுக்குச் சாப்பாடு கட்டுவது எல்லாம் அக்கா கைக்கு வந்தன. அவர் பள்ளிக்கூடத்தையும் விடவில்லை. நான்தான் விட்டேன்.

பக்கத்து ஊரான ஊரிகத்தில் ஆபீசர்கள் டென்னிஸ் ஆடிய இரண்டு மண் கோர்ட்டுகள் இருந்தன. சுரங்கம் நஷ்டத்தில் ஓட ஆரம்பித்த பிறகு ஆபீசர்களும் குறைந்தார்கள், கோர்ட் சும்மா கிடந்தது. அங்கிருந்த காவல்காரர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். தண்ணீர் தெளித்து, கோடு போட்டு, ரோலர் இழுத்துக் கொடுத்தால் ஒரு மணி நேரம் ஆடிக்கொள்ளலாம். ரோலரை அக்காவும் நானும் சேர்ந்து இழுப்போம். முதல் மட்டை, ஊரை விட்டுப் போன ஓர் ஆபீசர் வீட்டம்மா விட்டுச்சென்றது. பிடி தேய்ந்து போயிருந்தது. அக்கா அதில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டார்.

மற்ற ஊர்களில் டென்னிஸ் பழகும் பிள்ளைகள் சுவரில் அடித்துப் பழகுவார்கள். எங்களால் அது முடியாது. லைன் வீட்டில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பங்கள். எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார். ஒரு பந்து பட்டால் போதும், பக்கத்து வீட்டு அத்தை வெளியே வந்துவிடுவார். "ஏன்டி, மனுசன் நைட்டெல்லாம் பூமிக்கடியில கிடந்துட்டு வந்து படுத்துக்கினு இருக்காரு. செவுத்துல இன்னாடி டப்பு டப்புன்னு?" அதனால் அக்காவும் நானும் வீதியின் நடுவில் எதிரெதிரே நின்று, பந்தைத் தரையில் விடாமல் ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டிருப்போம். தரையில் விழுந்தாலும் சத்தம்தான். நூறு, இருநூறு என்று எண்ணுவோம். பின்னாளில் வலைக்குப் பக்கத்தில் நின்று அக்கா பந்தைத் தொட்டு வைக்கும் விதத்தைப் பார்த்து எந்த ஊர் கோச்சிடம் கற்றார் என்று கேட்டவர்கள் உண்டு. தூங்குகிறவர்களை எழுப்பாமல் ஆடக் கற்றதுதான் அது.

மாநில அளவில் சிறுமியர் போட்டிக்கு மாரிகுப்பம் ரயிலில்தான் பெங்களூர் போய் வந்தார். மட்டையைப் பார்த்தால் ரயிலில் தினம் போகிறவர்கள் விட மாட்டார்கள். "எங்கம்மா கிளம்பிட்ட?" "மேட்ச்சுக்கு அண்ணே. ஜெயிச்சா சாம்பியன்." "சாம்பியன் ஸ்டேஷன் அடுத்ததுதானம்மா, எறங்கிக்க. இதுக்காடி பெங்களூர் வரைக்கும் போற?" எங்கள் ஊருக்கு அடுத்த ஸ்டேஷனின் பெயரே சாம்பியன்தான். பெட்டி முழுக்கச் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். அந்த வருடம் ஜெயித்துவிட்டுத் திரும்பியபோது அதே ஆட்கள் அவருக்கு ஜன்னலோர இடம் விட்டார்கள்.

பதினெட்டு வயதில் அக்கா தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். வாரம் ஒரு ஊர். தகுதிச் சுற்றில் ஆட முந்தின நாளே நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தோற்றால் அன்றைக்கே அடுத்த ஊருக்கு ரயில். இரண்டாம் வகுப்பில் இடம் கிடைக்காவிட்டால் கதவோரம். நான் அப்போது லாரி வேலையை விட்டுவிட்டு மெட்ராஸில் ஒரு கடையில் மட்டைக்கு நரம்பு கட்டக் கற்றிருந்தேன். அக்காவோடு போவேன், மற்ற ஆட்டக்காரர்களுக்கு நரம்பு கட்டிக் கொடுப்பேன், காலையில் அக்காவுக்கு எதிரில் நின்று பந்து அடிப்பேன். அக்கா தேசிய சாம்பியன் ஆனபோது அப்பா ஷிப்டில் இருந்தார். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் சுரங்கத்திலிருந்து மேலே வந்து கதவு திறந்ததும் ஆட்கள் சேதி சொன்னார்களாம். "பொண்ணு ஜெயிச்சிட்டாளாம்பா." "தெரியும்" என்றாராம் அப்பா. எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள் விளக்கைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாராம்.

அதற்குள் அப்பாவின் நெஞ்சில் பாறைத் தூசி இறங்கிவிட்டது. மாடி ஏற முடியாது. ஆஸ்பத்திரியில் மூச்சிரைப்புக்கு ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் லைனில் பாதி வீடுகளில் அந்த மாத்திரை இருந்தது. நாங்கள் அதை நெஞ்சு மாத்திரை என்போம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுச் சமையலறை அலமாரியில் உப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்போம். காற்றுக் காலத்தில், தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து தூசி பறந்து வந்து பிள்ளைகளுக்கு இழுப்பு வந்தால், அரை மாத்திரையைப் பொடித்து டீயில் கலந்து கொடுப்போம். இஞ்சி தட்டிப் போடுவது போலத்தான். அதை மருந்து என்று யாரும் நினைத்ததில்லை. நான் வெளியூர் போகும்போது ஊசி, நூல், நெஞ்சு மாத்திரை மூன்றும் என் பையில் இருக்கும்.

வடக்கே ஓர் ஊரில், குளிர்காலத்தில், வெளிநாட்டுப் பெண்களும் வந்து ஆடிய போட்டி. அக்கா இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். அந்தக் கோப்பையை வாங்கினால் தரவரிசையில் மேலே ஏறிப் பெரிய போட்டிகளில் நேரடியாக ஆடலாம். இறுதி ஆட்டத்தன்று காலையில் அக்காவுக்கு இழுப்பு. மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் அடித்தது. "மாத்திரை ஒண்ணு போட்டுக்கோயேன்" என்றேன். "போட்டி நாள்ல ஒண்ணியும் தொடக்கூடாதுடா. தொடக்கூடாத மருந்துன்னு பட்டியல் குடுத்திருக்காங்க. சோதிப்பாங்க" என்றார். அவர்கள் பலத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆடும் ஊசிக்காரர்களைப் பிடிப்பதற்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், நெஞ்சு மாத்திரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் நினைத்தேன். அரை மாத்திரையைப் பொடித்து டீயில் கலந்தேன். சர்க்கரை கொஞ்சம் கூடப் போட்டேன். அக்கா குடித்தார். அரை மணி நேரத்தில் மூச்சு சீரானது. மூன்று செட் ஆடி ஜெயித்தார். கோப்பையைத் தூக்கியபோது நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு சிறுநீர் சோதனைக்கு அழைத்துப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அப்போது வீட்டில் இருந்தோம். அப்பா குழாயடியில் இருந்தார். அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டேய். அன்னைக்கு டீல இன்னா போட்ட?"

"சக்கர."

"வேற?"

நான் அலமாரியைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "எவ்ளோ?" என்றார்.

"அரை."

"அரைதானா" என்றார்.

நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா குரலை இறக்கிச் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "நீ சொன்னா பேப்பர்ல வரும். அப்பா மாத்திரைன்னு வரும். தன் மாத்திரையாலதான் பொண்ணு கெட்டாள்னு தெரிஞ்சா அந்த மனுசன் அப்புறம் அதைத் தொட மாட்டாரு. தொடலன்னா மூச்சு நின்னுடும். கோப்பை போவுது போ. வாய மூடிக்கினு இரு."

விசாரணையில், இருமலுக்குத் தானே ஏதோ மாத்திரை சாப்பிட்டதாகவும் பெயர் தெரியாது என்றும் அக்கா சொன்னார். தெரியாமல் நடந்தது, இன்னார் கொடுத்தது என்று சொல்லியிருந்தால் எச்சரிக்கையோடு விட்டிருக்கக்கூடும் என்று பின்னால் ஒரு வக்கீல் சொன்னார். ஒன்பது மாதம் தடை விதித்தார்கள். பட்டம் ரத்தானது, புள்ளிகள் போயின. கோப்பையைத் துணியில் சுற்றி ரயிலில் எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுத்தது நான்தான். வாங்கிக்கொண்டவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

லைனில் பேச்சு வேறு மாதிரி ஆனது. மாத்திரை ஊசியானது. ஒரு ஊசி பல ஊசியானது. அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் வீட்டு வாசலிலேயே கேட்டார். "இன்னாப்பா, நீ கல்லு ஒடைச்ச, உம்பொண்ணு பேரை ஒடைச்சிடுச்சே?" அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அக்காவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். அதை அக்கா பக்கத்தில் நின்று பார்ப்பார்.

தடைக்காலத்தில் அக்கா ஊரை விட்டுப் போகவில்லை. காலையில் மண்மேட்டைச் சுற்றி ஓடுவார், கோர்ட்டில் ரோலர் இழுப்பார், என்னோடு ஆடுவார். தடை முடிந்த இரண்டாவது வருடம் மறுபடி தேசிய சாம்பியன் ஆனார். அந்த முறையும் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. அந்தச் செய்தி எங்கள் லைன் வரை வரவில்லை. முதல் செய்தி போல ஓடிவர இதற்குக் கால் இல்லை போலும். போட்டி நாட்களில் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். அதில் கோபம் இல்லை. இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது. ஆனால் நடுவில் போன வருடங்கள்தான் ஓர் ஆட்டக்காரருக்கு நல்ல வருடங்கள். தரவரிசையில் அந்த இடத்துக்கு அக்கா பிறகு வரவேயில்லை.

முப்பது வயதுக்கு மேல் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்த மாமாவை மணந்தார். ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தார். சுரங்கம் மூடியதையும் அப்பா பார்த்தார், பேத்தி பிறந்ததையும் பார்த்தார். பேத்திக்கு மூன்று வயதானபோது தூக்கத்திலேயே போனார்.

அப்பா போன பிறகு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொள்ள அக்கா சொன்ன காரணம் அப்போது இல்லை. நான் சொல்லவில்லை. பெங்களூரில் ஒரு பயிற்சி மைதானத்தில் நரம்பு கட்டும் வேலையில் இருந்தேன். வெளியே தெரிந்தால் அந்தக் கதவு மூடிவிடும் என்று பயந்தேன். பிறகு அந்த வேலையும் போய் வேறு ஊர்களுக்குப் போனேன். அப்போதும் சொல்லவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்குப் பெங்களூர் போய்வர மாமாவும் நானும் மாறி மாறித் துணை போனோம். ஒரு காலை, ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயர் கூப்பிடக் காத்திருந்தபோது கேட்டேன்.

"அக்கா, அந்த மாத்திரை விசயத்தை நான் சொல்லிடட்டுமா?"

"இப்பப் போயி யாருடா கோப்பையைத் திருப்பித் தரப் போறான்?"

"கோப்பைக்கு இல்ல."

"நான் இருக்கும்போது வேணாம். எல்லாரும் வீட்டுக்கு வந்து பாவம் பாவம்னுவாங்க. ஊசி போட்டவள்னு பேசுனாக்கூட தாங்கிக்கலாம். அதைத் தாங்க முடியாது." பிறகு, "நான் போன பொறவு உன் இஷ்டம். ஆனா சொன்னா முழுசா சொல்லு. அரைகொறையா சொல்லாத" என்றார். பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார்.

கடைசி ஒரு மாதம் வீட்டில்தான் இருந்தார். வலியைப் பற்றிப் பேச மாட்டார். யார் வந்தாலும் சாப்பிட்டீர்களா என்று கேட்பார். ஒரு விடியற்காலையில், மாமா கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது.

பந்தலில் அக்காவின் மகள் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "ஸ்கூல்ல என்னை இன்னா சொல்லிக் கூப்புடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?" என்றாள். தெரியாது என்றேன். அவள் போய்ச் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டாள். பல மாதம் என்னோடு பேசவில்லை. போன மாதம் வந்து, "மலர் போடுறோம். நீங்களே எழுதுங்க, உங்க பேர் போட்டு" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அவள்தான் கம்ப்யூட்டரில் அடித்தாள்.

ஆகவே அக்கா ஊசி போட்டுக்கொள்ளவில்லை. மாத்திரையும் போட்டுக்கொள்ளவில்லை. டீ குடித்தார். அதில் கலந்தது நான். இனி யாராவது பேச வேண்டுமென்றால் என் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

நன்றி சொல்ல வேண்டும். கோர்ட்டைத் திறந்துவிட்ட காவல்காரருக்கு, சிகிச்சை நாட்களில் ரயிலில் எழுந்து இடம் கொடுத்தவர்களுக்கு, மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், சாப்பாடு கொண்டுவந்த லைன் வீட்டாருக்கு, முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட மாமாவுக்கு. அக்கா இறந்த அன்று எங்கள் வீதி நிறைய ஆட்கள் வந்திருந்தீர்கள். உங்களில் பலர் அக்கா ஏமாற்றித்தான் ஜெயித்தார் என்று நம்பிக்கொண்டே வந்தீர்கள். அப்படி நம்பியும் மாலை வாங்கி வந்தீர்கள், தோள் கொடுத்துத் தூக்கினீர்கள். உங்களுக்குத்தான் எங்கள் குடும்பத்தின் பெரிய நன்றி. அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பாடையின் முன்பக்கம் நானும்தான் தூக்கிக்கொண்டு வந்தேன், வாயைத் திறக்காமல்.