கைகாரர் கடை

கைகாரர் என்று ஒரு கொத்தனாரைச் சொன்னால் அது புகழ்ச்சி. தராசு பிடிக்கிற மளிகைக் கடைக்காரனைச் சொன்னால் அவன் பிழைப்பில் மண்தான். அந்தப் புகழ்ச்சி, மண் இரண்டையும் நான் அனுபவித்தவன்.

அப்போது எனக்குச் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை, மாலையில் பந்தாட்டம். ஒருமுறை கிள்ளான் ஊர்க் குழுவோடு இறுதி ஆட்டம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பந்து உயரமாக வந்தது. தலையால் முட்டத்தான் எழும்பினேன். தலைக்கு எட்டவில்லை, கைக்கு எட்டியது. கோல்! வெள்ளைக்கார ரெஃப்ரியின் கண்ணில் படவில்லை. கிள்ளான் கோல்கீப்பர் மட்டும் பார்த்துவிட்டு, "கை! கை!" என்று கத்திக்கொண்டே ஓடினார். நான் நெற்றியைத் தடவிக் காட்டி, "தலை" என்றேன். ரெஃப்ரி அவரைத்தான் அதட்டினார்.

நான் சொல்லாவிட்டாலும் நம் ஆட்களுக்குச் சந்தேகம் இருந்தது. அன்று முதல் எனக்குக் கைகாரர் என்று பெயர். கூப்பிட்டால் மார்பை நிமிர்த்திக்கொள்வேன். அவ்வளவு திமிர்.

மூன்றாம் வருடம் முழங்கால் போயிற்று. பந்து போயிற்று, நாளெல்லாம் நின்று செய்கிற பட்டறை வேலையும் போயிற்று. மனைவியின் காப்பை விற்றுப் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் மளிகைக் கடை போட்டேன். பழைய ஆட்டக்காரனைப் பார்க்கவே முதல் வாரம் கூட்டம். பருப்பு நிறுக்கத் தராசைத் தூக்கினேன். கூட்டத்தில் ஒருவர், "அண்ணே, கையப் பாத்துப் பிடிங்க லா. இங்க ரெஃப்ரி இல்ல!" என்றார். கடையே சிரித்தது. வெட்கங்கெட்டு நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் சிரிக்க ஆள் இல்லை. பெண்கள் பையோடு என் வாசலைத் தாண்டி அடுத்த கடைக்குப் போனார்கள். வந்த ஒருவர் இருவரும் பருப்பைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், தராசில் நான் ஒருநாளும் விரல் வைத்ததில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? மனைவி காப்பில்லாத கையைப் பார்த்துக்கொண்டு, "இந்த மாசம் தாண்டுமாங்க?" என்று கேட்டாள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

ஒரு காலையில் கிள்ளான் கோல்கீப்பர் கடை வாசலில் நின்றார். பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்துவிட்டாராம். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. இருந்தும், "ஒரு கட்டி பருப்பு" என்றார். கட்டி என்பது எங்கள் பக்கத்து எடை, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அவரை அடையாளம் கண்டு வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

தராசைத் தூக்கினேன். முள் நிலைகொள்ளவில்லை. அவருடைய கண் என் விரலில் இருந்தது. தராசைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்குக் கைதான் பட்டுச்சு. தலை இல்ல. என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

இனி கடை மூடவேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆனால் நெஞ்சில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் வீட்டுக்காரி கூட நம்பல தெரியுமா? தோத்துட்டுப் பொய் சொல்றேன்னா" என்றார். எனக்கு முதுகைக் காட்டித் தெருப் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? கைதானாம்! அவரே சொல்லிட்டாரு!" என்று கத்தினார்.

அவர் திரும்பி நின்றபடியே, "நீங்க நிறுங்க அண்ணே" என்றார். நிறுத்துக் கொடுத்தேன். முள்ளை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்த கடைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையை என் முன்னால் வைத்தார்.

"எனக்கும் ஒரு கட்டி போடுங்க, கைகாரரே."