எலும்புக்குக் கிடைத்த வீடு

சங்கரசுப்பிரமணியன் பார்த்த வேலையை எங்கள் தெருவில் யாருக்கும் விளங்கச் சொல்ல முடியாது. மண்ணைத் தோண்டுவார், ஆனால் கிணறு வெட்டுகிறவர் இல்லை. பி.ஏ. படித்தவர், ஆனால் வாத்தியாரும் இல்லை. பூமிக்குள் கிடக்கிற பழங்காலத்துப் பொருளை எடுத்து ஆராய்கிற இலாகா ஒன்றில் உதவியாளர். எந்த இலாகா என்று பெயர் சொல்லி அதற்கு மரியாதை செய்ய எனக்கு மனமில்லை. அங்கே அவர் வருஷக்கணக்காகத் தற்காலிகம். பதினோரு மாதம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிடுவார்கள். தொடர்ந்து வைத்திருந்தால் நிரந்தரமாக்க வேண்டி வந்துவிடுமே! நிரந்தரமானவருக்கு முகாமில் கூடாரம் உண்டு, சமையலுக்கு ஆள் உண்டு. தற்காலிகம் எங்கே படுத்தால் என்ன, என்ன தின்றால் என்ன?

ஐம்பத்திரண்டாம் வருஷம் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஒரு புஞ்சைக்காட்டில் தாழிகள் வெளிப்பட்டன. செத்தவர்களை அந்தக் காலத்தில் வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள் அவை. அதற்காக வந்தவர், சங்கரன்கோவிலில் எங்கள் தெருக் குற்றாலிங்கம் பிள்ளையின் பின்கட்டு அறையைச் சொந்தச் செலவில் வாடகைக்குப் பிடித்தார். மனைவி முத்துமீனாளுக்கு அப்போது ஏழாம் மாதம். தாய் தகப்பன் இல்லாத பெண். பேறுகாலத்துக்குப் போக அவளுக்கு வேறு வீடு கிடையாது.

தாழியிலிருந்து எடுக்கிற எலும்பு ஈரமாக இருக்கும். வெயில் பட்டால் வெடித்துப் பொடியாகிவிடும். காற்றடிக்காத நிழலில் மெதுவாகக் காயவேண்டும். கொட்டகை போட்டுத் தரச்சொல்லி ஆபீசரிடம் கெஞ்சினார். ஜீப்பைவிட்டு இறங்காமலே அவர் பதில் சொன்னார்.

"கொட்டகைக்கு சாங்ஷன் இல்லை. எலும்பு கெட்டால் நீர்தான் பொறுப்பு."

ஆடிக்காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று மெட்ராஸ்காரருக்கு என்ன தெரியும்? கட்டின சாக்குப் படுதாவெல்லாம் பிய்த்துக்கொண்டு போனது. மனுஷன் வேறு என்ன செய்வார்? எலும்புகளை வைக்கோலில் பொதிந்து பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்து, இருந்த ஒரே கட்டிலில் பரப்பினார். பிள்ளைத்தாய்ச்சி தரையில் படுத்தாள்.

"அவுகளும் யாரு பெத்த பிள்ளையோ, காயட்டும்" என்றாளாம்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள், விருந்துக்குப் பெரிய பாத்திரம் எடுக்கக் குற்றாலிங்கம் பிள்ளை பின்கட்டுக்குப் போனார். கட்டிலைப் பார்த்து அலறிவிட்டார்.

"சார்வாள், இது என்னது?"

"ரெண்டாயிரம் வருசத்து எலும்பு, அண்ணாச்சி. இலாகாவுக்குச் சேர்ந்தது."

"ரெண்டாயிரம் வருசமானா தீட்டு இல்லாமப் போயிருமா? தபசும் அதுவுமா என் வீட்டைச் சுடுகாடாக்கிட்டீரே, வே! இப்பமே காலி பண்ணும்."

தபசுக்கு வந்த ஜனம் தெருவெல்லாம் படுத்துக்கிடந்தது. அந்தக் கூட்டத்தில் யார் இடம் கொடுப்பார்கள்? காட்டில் மண் சலிக்க வருகிற மாடத்திதான் ஊர்க் கடைசியிலிருந்த தன் குடிசைக்கு முத்துமீனாளைக் கூட்டிப்போனாள்.

"எலும்பு நம்ம உடம்புக்குள்ளயும்தான இருக்கு. நீ வா தாயி" என்றாள்.

எலும்பு தெருவுக்கு வந்துவிட்டது என்று சங்கரசுப்பிரமணியன் தந்தி கொடுத்ததும் ஆபீசர் பதறியடித்துக்கொண்டு வந்தார். இப்போது சாங்ஷன் எங்கிருந்தோ முளைத்துவிட்டது! அதே குற்றாலிங்கம் பிள்ளையிடம், அதே அறையை, இரண்டு மடங்கு வாடகைக்குக் கிடங்காகப் பேசி முடித்தார். பிள்ளைவாளும் பல்லைக் காட்டிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

"சர்க்கார் எலும்புக்குத் தீட்டு ஏது?"

சங்கரசுப்பிரமணியன் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"சார், ஒரு மூலையில நானும் வீட்டுக்காரியும் இருந்துக்கிடுதோம். கிடங்குக்குக் காவலாவும் ஆச்சு."

"கிடங்கில் குடும்பம் வைக்க ரூல் இல்லை. அதிலும் நீர் டெம்பரரி."

பக்கத்தில்தான் நின்றேன். அந்த ஆள் வாயில் ஒரு கூடை மண்ணைக் கொட்டலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. சங்கரசுப்பிரமணியன் தலையாட்டிவிட்டு, புது மர அலமாரியில் எலும்புகளை அடுக்கப் போய்விட்டார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஓடு ஒழுகுகிறதா என்று கிடங்கிலேயே இருந்து பார்க்கும்படி அவருக்கு உத்தரவு. ஒரு சாயங்காலம் மாடத்தி தொப்பலாக நனைந்து வந்து நின்றாள்.

"ஐயா, அம்மாவுக்கு வலி கண்டுட்டு. கூரை முழுக்க ஒழுகுது. படுக்கக் காய்ஞ்ச இடம் இல்ல."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுஷர் ரூலை மீறினார். வண்டி பிடித்து முத்துமீனாளைக் கொண்டுவந்து அலமாரிகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுக்கவைத்தார். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் பெண்குழந்தை பிறந்தது. பிள்ளைப்பேற்றுத் தீட்டைப் பொறுக்கமாட்டாமல் குற்றாலிங்கம் பிள்ளை மறுநாளே தந்தி கொடுத்தார்.

ஆபீசர் வந்து முதலில் எலும்புகளை எண்ணிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் நனையவில்லை. அதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் கிடங்கில் அந்நியரைத் தங்கவைத்தது குற்றமாம்! வேலை போயிற்று. தற்காலிகம் என்பதால் விசாரணைகூடத் தேவையில்லையாம். அறையை அப்போதே காலி செய்யச் சொல்லி, தாயும் பிள்ளையும் வெளியே வருகிறவரை பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மழை இன்னும் விடவில்லை.