கோழி வைக்கலாமா

லிஃப்டுக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் மாடிக் கிழவர் காலமாகிவிட்டார், அடக்கம் அடுத்த வாரம் வியாழக்கிழமை. நான் அதைப் படித்தது வெள்ளிக்கிழமை காலையில். பாரிஸுக்கு வெளியே இந்தக் குடியிருப்புக்கு வந்து எத்தனையோ பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை. இங்கே செத்தவர் காத்திருக்கிறார். மகனுக்கு லீவு கிடைக்க வேண்டும், மகள் பனிச்சறுக்கு விளையாடப் போன இடத்திலிருந்து திரும்ப வேண்டும், பேரனுக்குப் பரீட்சை முடிய வேண்டும். அதுவரைக்கும் அவர் பாட்டுக்குக் குளிரறையில் கிடப்பார். எதிர்வீட்டு மதாம் கொலெத்திடம், "அத்தனை நாளா வைத்திருப்பீர்கள்?" என்று என் பிரெஞ்சில் கேட்டேன். கிழவர் வீட்டுச் சாமான்களைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "சோபா வேண்டுமென்றால் அவர் மகனிடம் சொல்லிப் பார்க்கிறேன்" என்றார்.

புதுச்சேரிப் பக்கம் எங்கள் ஊர் ஏம்பலத்தில் ஒரே ஒருவனுக்காகத்தான் காத்திருப்பார்கள், கொள்ளி வைக்கிறவனுக்காக. அப்பாவுக்கு மூத்த பிள்ளை, அம்மாவுக்கு இளைய பிள்ளை. நான் மூத்தவன். அம்மா போனபோது தம்பி சேகர் வைத்தான். நான் இங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த வேலை, லீவு தரவில்லை. அன்றைக்கே போனில் அவனிடம் சத்தியம் வாங்கினேன். "ஐஸ் பொட்டி வெச்சாவது நான் வர்ற வரைக்கும் அப்பாவ வெச்சிருடா. மூஞ்சிய ஒருவாட்டி பாத்துட்டா போதும்." அவன் அழுதுகொண்டே, "நீ இன்னாண்ணா, உன்ன வுட்டுட்டு எடுத்துருவமா?" என்றான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இங்கே இத்தனை வருடம் ஓட்டினேன்.

எங்கள் இருவருக்கும் சேர்த்து இணையத்தில் ஒரு கடை இருக்கிறது. சரக்கு வில்லியனூரில், சேகர் பிடித்திருக்கும் ஒரு சின்ன அறையில். மூளை இங்கே, என்னிடம் என்று பீற்றிக்கொள்வேன். முதலில் என் நாக்குக்குப் பிடித்ததையெல்லாம் ஏற்றினேன். எங்கள் பக்கத்து வெல்லம், வடகம், ஊறுகாய். ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம்தான் தொழில் பிடிபட்டது. நமக்கு என்ன பிடிக்கும் என்பது யாருக்கு வேண்டும்? ஜனங்கள் எதைத் தேடுகிறார்கள், எந்தச் சொல்லைத் தட்டுகிறார்கள், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுவதற்குக் கருவிகள் இருக்கின்றன. அதில் பார்த்தால், வெளிநாட்டுத் தமிழன் வெல்லத்தைத் தேடவில்லை, கருமாதிச் சாமானைத் தேடுகிறான். கௌரவமாக 'உத்தரகிரியைப் பொருட்கள்' என்று போட்டேன், ஒருவனும் வரவில்லை. 'கருமாதி செட்' என்று மாற்றினேன், பிய்த்துக்கொண்டு போனது. எள், தர்ப்பை, திரி, வேட்டி, துண்டு, ஒரு அட்டைப்பெட்டி, அவ்வளவுதான். சாவுக்குப் போக முடியாதவன் பேரம் பேசமாட்டான். எனக்குத் தெரியாதா, நானும் அந்தக் கூட்டம்தானே.

எங்கள் கடைக்குள்ளேயே ஒரு தேடல் பெட்டி உண்டு. தட்டியும் தேடலாம், மைக்கை அமுக்கிப் பேசியும் தேடலாம். தேடியவர் யார் என்று தெரியாது. என்ன கேட்டார், எந்த ஊரிலிருந்து என்று மட்டும் என் திரையில் விழும். ஒருநாள் இப்படி விழுந்தது: 'பெரியவன் வராம சின்னவன் கோழி வைக்கலாமா'. இடம்: சென்னை.

விழுந்து விழுந்து சிரித்தேன். எவனோ கொள்ளி என்று சொல்லப்போக, மெஷின் கோழி என்று எழுதிக்கொண்டுவிட்டது. எங்கள் பக்கம் கோழியைக் கோளி என்போம். அதைக் கேட்டுப் பழகிய மெஷினுக்குக் கொள்ளியும் கோழிதான். படம் பிடித்து இங்கிருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'சின்னவன் குழம்பு வைக்கட்டும், பெரியவன் வந்து வறுவல் போடட்டும்' என்றார் ஒருவர். 'நாட்டுக்கோழியா, பிராய்லரா?' என்றார் இன்னொருவர். அந்த வாரம் முழுக்க அதே கூத்து. நீங்கள் அந்தக் குழுவில் இருந்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள், யோக்கியர் வேஷம் போட வேண்டாம்.

ஆனால் கேள்வி நிற்கவில்லை. மறுநாளும் வந்தது, அப்புறம் ஒரே நாளில் நாலைந்து முறை வந்தது. ஒருநாள் கோழி, ஒருநாள் கொல்லி, ஒருநாள் 'பெரியவன் வர்லன்னா இன்னா பண்றது'. திரையில் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. ஏறுகிற கோட்டைப் பார்த்தால் என் போன்றவனுக்கு வாயில் எச்சில் ஊறும். வெளிநாட்டு அண்ணனைத் தலைமுழுகச் சென்னையில் ஒரு கூட்டமே தயாராக இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். உடனே ஒரு பக்கம் எழுதி ஏற்றினேன். 'தாராளமாக வைக்கலாம். மூத்தவர் வர இயலாவிட்டால் இளையவர் கொள்ளி வைப்பதில் குற்றமில்லை. மூத்தவருக்காக உடலைக் காக்க வைப்பது இறந்தவருக்கு நல்லதல்ல.' அந்தக் கடைசி வரியை நான் எந்தச் சாஸ்திரத்திலும் பார்க்கவில்லை. வாங்குகிறவனுக்கு ஓர் அவசரம் வர வேண்டும் அல்லவா, அதற்காகச் சேர்த்தேன். கீழே கருமாதி செட்டின் படம். கோழி என்று கேட்டாலும் இந்தப் பக்கமே வரும்படி செய்தேன். கொஞ்ச நாளில் அந்தக் கேள்வி நின்றுபோனது. வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஒரு காலையில் போனார். செய்தி கேட்டதும் கிடைத்த விமானத்தில் ஏறினேன். சென்னையில் இறங்கி, டாக்ஸி பிடித்து, வழியெல்லாம் டிரைவரை விரட்டி, ஏம்பலம் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். சேகர் மொட்டைத் தலையோடு வெளியே வந்தான். அந்தத் தலையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க? ஐஸ் பொட்டி வெக்கிறேன்னு சொன்னியேடா, பாவி!"

"வெக்கத்தாண்ணா பாத்தேன். அப்பா கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அப்பாவா? அவரு இன்னாத்துக்குச் சொல்றாரு?"

"உன் கடையில கேட்டாருண்ணா. நான்தான் மைக்க அமுக்கிப் பேசக் கத்துக்குடுத்தேன். பெரியவன் கடைதான, அதுல கேட்டா பெரியவனே பதில் சொல்லுவான்னு நெனச்சிக்கினு, தெனம் அதே கேள்வியக் கேட்டுக்கினு இருந்தாரு. ஒருநாள் என்னக் கூப்ட்டு, படிச்சிக் காட்டுடான்னாரு. படிச்சேன். நீ எழுதினதுதான். 'பெரியவன் சொல்லிட்டான் பாருடா. அவனால வர முடியாதாம். என்னக் காக்க வெக்கக் கூடாதாம்'னு சொன்னாரு. அதோட வுட்டுட்டாரு."

"எனக்குப் போன் பண்ணி ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடா?"

"பண்ணாரே. நீதான் அப்புறம் பேசுறேம்பான்னு வெச்சிட்ட."

சென்னைக் கூட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஏம்பலத்துப் போனிலிருந்து பேசினால் மெஷின் சென்னை என்று காட்டுமாம், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஏறிய அந்தக் கோடு முழுவதும் ஒரே மனுஷன். பெற்ற மகனிடம் மைக்கை அமுக்கிக் கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார். நான் அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டிச் சிரித்திருக்கிறேன்.

பதினாறாம் நாள் கருமாதியில் பங்காளிகள் நடுவே சேகர் பிரித்தது எங்கள் கடைப் பெட்டிதான். கொள்ளி வைத்தவன் அவன், அதனால் எள்ளும் தண்ணீரும் அவன்தான் விட்டான். நான் வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டு நீட்டிக்கொண்டிருந்தேன். கரிக்கலாம்பாக்கத்துச் சித்தப்பா வெற்றிலையை எடுத்துக்கொண்டே, "எப்பப்பா கெளம்புற?" என்றார். எப்போது வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. அன்று சாயங்காலம், அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடப் போகிறேன் என்று சேகரிடம் சொன்னேன். அவன் தலையைத் தடவிக்கொண்டு, "அத எடுத்துறாதண்ணா. அதுலதான் நெறைய ஆர்டர் வந்துக்கினு இருக்குது" என்றான். நான் எடுக்கவில்லை. இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

திரும்பி வந்தபோது மதாம் கொலெத் லிஃப்டில் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா இறந்தது என்றைக்கு, அடக்கம் என்றைக்கு என்று விசாரித்தார். சொன்னேன். "இல்லை, இல்லை. இரண்டுக்கும் ஒரே தேதியைச் சொல்கிறீர்கள்" என்று பொறுமையாக எனக்கு பிரெஞ்சு எண்களைச் சொல்லிக்கொடுத்தார். மாடி வரும்வரை நானும் கூடவே சொன்னேன்.

நேற்று வேலைக்குக் கிளம்பும்போது, சப்பாத்து மாட்டிய காலோடு, கடையைத் திறந்து மைக்கை அமுக்கினேன். அப்பா கேட்டதையே கேட்டேன். வருடக்கணக்காக பிரெஞ்சு பேசி ஊர்ப்பேச்சு தேய்ந்த நாக்கு, என் கொள்ளியாவது சரியாக விழும் என்றுதான் நினைத்தேன். 'பெரியவன் வராம சின்னவன் கோழி வைக்கலாமா' என்று எழுதியது. இடம்: பாரிஸ். அதற்குக் கீழே நான் எழுதிய பதில் வந்து நின்றது.

தாராளமாக வைக்கலாம்.